எயார் கூலர் எங்கள் வெக்கைக்குச் சரிவருமா? விசுவமடுவில் 16 மாத அனுபவம்

போன வருடம் பங்குனி நடுவில் கிளிநொச்சியில் ஒரு எயார் கூலர் வாங்கினேன். 20 லீற்றர் தொட்டி, 80 வாற், மூன்று பக்கமும் தேன்கூடு மாதிரியான அட்டை, கீழே நான்கு சில்லு. விலை 38,500 ரூபா. இரண்டு சித்திரையை அதோடு கழித்துவிட்டேன், இப்போது நடப்பது இரண்டாவது ஆடி. இந்த வருடத்து வெயில் எல்லாரையும் உலுப்பிவிட்டதால், எங்கள் ஒழுங்கையில் மட்டும் நான்கு பேர் வந்து "அக்கா, உது வாங்கலாமோ?" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தக் கம்பனி என்று எழுதவில்லை. கடையில் நின்ற நாலைந்து பெயரும் ஒரே மாதிரித்தான் இருந்தன, உள்ளே நடக்கும் வேலையும் ஒன்றுதான்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இலங்கையின் வடக்கே, முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். வீடு போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது, 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை தவணையாக வந்ததே, அந்தத் திட்டம். ஓடு போடக் காசு காணாமல் கூரைக்குச் சீற் போட்டோம். முன் அறையில் மெசினும் வெட்டும் மேசையும் ஸ்திரிப்பெட்டியும். அடுத்த அறையில் அம்மா. அம்மாவுக்கு 76 வயது, பிரஷருக்குக் குளிசை எடுக்கிறா.

கூலர் வாங்கியதற்குக் காரணம் அம்மாதான். பங்குனி தொடக்கத்தில் ஒரு நாள் பின்னேரம் இரண்டரை மணியிருக்கும். வருடப்பிறப்புச் சட்டைகள் குவிந்து கிடந்தன, நான் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் செம்பு விழுந்த சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி நிற்கிறா. கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்து உருண்டு நிற்கின்றன. உதடு வெடித்திருந்தது. "தலை சுத்துது பிள்ளை" என்றா. ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்றைக்கென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைத்தான் கூப்பிடுவேன், அன்றைக்கு அது எனக்கு ஓடவில்லை. அங்கே தாதி கேட்ட முதல் கேள்வி, "அம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறவ?" என்பது. எனக்குப் பதில் தெரியவில்லை. தாகம் எடுக்கவில்லை என்று அம்மா சொல்வா, நானும் சரி என்று விட்டுவிடுவேன். வயது போனவர்களுக்கு உடம்பு காய்ந்தாலும் தாகம் தெரிவது குறைவு என்பதையும், சில பிரஷர் குளிசைகள் உடம்புத் தண்ணீரை இறக்கிவிடும் என்பதையும் அன்றுதான் அறிந்துகொண்டேன். ஜீவனி என்ற உப்புச் சீனித் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரவு வைத்திருந்து, காலையில் விட்டார்கள். "அவ படுக்கிற அறையைக் கொஞ்சம் குளிர்மையாய் வைச்சிருங்கோ" என்றுதான் டொக்டர் சொல்லி அனுப்பினார்.

அந்த அறையில் கூரை ஃபான் ஒன்று இருந்தது. இரவில் அது நல்லது. மத்தியானத்தில் அது என்ன செய்கிறதென்று கட்டிலில் படுத்துப் பார்த்தால்தான் விளங்கும். சீற் சுட்டு, அந்தச் சூடு கூரையடியில் தேங்கி நிற்கும். ஃபான் அதை வாரிக் கட்டிலில் கொட்டும். மெசினின் கைச்சில்லு இளஞ்சூடாய் இருக்கும், கத்தரிக்கோலை எடுத்தால் விரல் கூசும். அப்படி ஓர் அறையில் ஒரு கிழவியை நாள் முழுக்கப் படுக்க விட்டிருந்தேன் என்பதை நினைக்க இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

ஏ.சி. யோசித்தோம். 9,000 பி.ரி.யு. ஏ.சி. ஏறக்குறைய 900 வாற் இழுக்கும். கூலர் 80 வாற். பத்து மணித்தியாலம் ஓடினாலும் கூலருக்கு ஒரு யூனிற் முழுதாய் ஆகாது, மாதம் 24 யூனிற். 60 யூனிற்றைத் தாண்டினால் கரண்ட் பில் எப்படி ஏறும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிட, எங்கள் வீட்டுக்கு மேல்தட்டி இல்லை. சுவருக்கும் சீற்றுக்கும் நடுவில் கை போகும் அளவு இடைவெளி. ஏ.சி. போட்டால் விசுவமடு முழுவதையும் குளிரப்பண்ண வேண்டும்.

கடையில் கூலரைக் காட்டிய தம்பி நல்ல மரியாதையாகப் பேசினார். ஆனால் அவர் சொன்ன இரண்டு விசயமும் பிழை. "ஐஸ் போட்டு, யன்னலைக் கதவைப் பூட்டிவிட்டீங்கள் எண்டால் ஏ.சி.தான் அக்கா" என்றார். அப்படியே செய்தேன். யன்னல் பூட்டி, கதவு சாத்தி, சுவரின் மேல் இடைவெளியைக்கூடப் பழைய சீலையால் அடைத்தேன். முதல் அரை மணித்தியாலம் நல்ல சுகம். பிறகு அறை கனத்தது. தையல் சோக் ஈரம் பிடித்துத் துணியில் கோடு விழ மறுத்தது. மகனின் கொப்பித் தாள்கள் நனைந்த வெற்றிலைபோல் துவண்டன. அம்மா சொன்னா: "பிள்ளை, உதை நிப்பாட்டு. நெல் அவிக்கிற கொட்டிலுக்குள்ள இருந்த மாதிரிக் கிடக்கு."

38,500 ரூபாவை நினைத்து அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

விடை அம்மாவின் அந்தச் சொல்லிலேயே இருந்தது, எனக்கு விளங்கத்தான் நாலு மாதம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் சூட்டுக்கு இரண்டு பெயர் உண்டு. காற்று அசையாமல், உடம்பு கசகசவென்று ஊறி, வியர்வை காயாமல் நிற்பது அவிச்சல். அது பங்குனி, சித்திரையில். தோலை உலர்த்தி, உதட்டை வெடிக்கவைத்து, புழுதியை வாரிக்கொண்டு வருவது வெக்கை. அது சோழகம் வீசும் ஆனி, ஆடி, ஆவணியில். தென்மேற்குக் காற்று தெற்கிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, எங்களிடம் வரும்போது வெறுங்கையோடு வரும். எயார் கூலர் வெக்கைக்கு மருந்து. அவிச்சலுக்கு அது பெரிதாய் உதவாது. இதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஏன் அப்படி என்பதை மகன்தான் காட்டினான். அவன் தரம் 11. பள்ளிக்கூடத்து விஞ்ஞான ரீச்சரிடம் இரண்டு வெப்பமானி இரவல் வாங்கி வந்தான். ஒன்றைச் சும்மா தொங்கவிட்டான். மற்றதன் குமிழில் என் வெட்டுத்துண்டு வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, விசிறியால் விசிறினான். ஈரத்துணி சுற்றியது கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. "அம்மா, உங்கட கூலர் என்ன பாடுபட்டாலும் இந்த ஈரத்துணிக்காரனுக்குக் கீழ போகாது" என்றான். கூலருக்குள் நடப்பதும் அதேதான். ஈர அட்டைக்கூடாகக் காற்றை இழுக்கிறது, தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டைக் கொண்டுபோகிறது. காற்று ஏற்கெனவே ஈரமாய் இருந்தால் ஆவியாக இடமில்லை.

இந்த வருடம் சித்திரைப் புத்தாண்டன்று மத்தியானம் பார்த்தோம். அந்த நாட்களில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். 12 மணி கழிந்து சில நிமிடத்தில் மகன் முற்றத்தில் நட்ட தடிக்கு நிழலே இல்லாமல் போனது, அம்மாவைக் கூட்டிவந்து காட்டினான். அன்று அறைக்குள் 35 பாகை செல்சியஸ். ஈரத்துணி 29. கூலரின் வாயில் வைத்துப் பார்த்தால் 32. வெறும் மூன்று பாகைதான் குறைந்திருந்தது. யன்னலைத் திறந்து வைத்து, கூலரை யன்னலடியில் நிறுத்தி, காற்று நேரே உடம்பில் படும்படி இருந்தால் ஓரளவு தாங்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. சில பின்னேரங்களில் பம்பை நிறுத்திவிட்டு, தண்ணீர் இல்லாமல் வெறும் ஃபானாய் ஓடவிட்டதுதான் நன்றாயிருந்தது.

இப்போது ஆடி. போன கிழமை அதே அறை, அதே இரண்டு வெப்பமானி. சும்மா தொங்குவது 36, ஈரத்துணி 26, கூலரின் வாயில் 29. ஏழு பாகை. எண்ணைவிட அம்மாவின் முகத்தைப் பார்த்தால் தெரியும். போன வருடம் ஆனியில் சோழகம் தொடங்கிய முதல் நாள், வெளியே பனையோலை கிழியக் காற்று வீசிக்கொண்டிருந்தது, மத்தியானம் இரண்டு மணி. நான் கூலரைப் போட்டுவிட்டு மெசினில் இருந்தேன். அம்மாவின் குரல் கேட்டது. பயந்துபோய் எழும்பி ஓடினேன். "அந்தப் போர்வையை எடுத்துப் போட்டுவிடு பிள்ளை, கால் குளிருது" என்றா. போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் 2009 இல் தறப்பாளுக்குக் கீழே ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கிடந்தவ அவ. அந்த வெயிலில் எங்களால் அவவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. போர்வையை எடுத்துப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டிலடியிலேயே இருந்தேன், தையல் காத்திருந்தது.

சரி, பாவிக்கும் முறைக்கு வருகிறேன்.

யன்னலைப் பூட்டக் கூடாது. கூலர் வெளிக்காற்றை இழுக்க வேண்டும், அறைக்குள் வந்த ஈரக்காற்று வெளியே போக வேண்டும். காற்று வரும் பக்கத்து யன்னலுக்கு முதுகு காட்டிக் கூலரை நிறுத்தி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து விடுங்கள். சுவருக்கும் சீற்றுக்கும் இடையே இருக்கும் அந்த இடைவெளி, ஏ.சி.க்குக் குறை, கூலருக்கு வரம். நான் அடைத்த சீலையை மறுநாளே பிடுங்கிவிட்டேன்.

ஐஸ் தேவையில்லை. மகன் கணக்குப் போட்டுக் காட்டினான்: ஒரு கிலோ ஐஸ் உருகி எடுக்கும் சூட்டைப்போல் ஏழு மடங்கை ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகி எடுத்துவிடும். பிரிஜ்ஜில் ஐஸ் கட்டக் கரண்டும் போய், பிரிஜ் கக்கும் சூடும் வீட்டுக்குள்ளேயே நிற்கும். ஐஸ் போட்டால் முதல் இருபது நிமிடம் காற்று கொஞ்சம் சில்லென்று வரும், அவ்வளவுதான்.

தண்ணீர்தான் பெரிய விசயம். ஆடியில் என் கூலர் ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டரை லீற்றர்வரை குடிக்கும். காலை பத்திலிருந்து பின்னேரம் ஐந்துவரை ஓட்டினால் ஏறக்குறைய ஒரு தொட்டி. சித்திரையில் அதில் பாதிதான். கூலர் வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்க வேறு கருவி வேண்டாம், தொட்டி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் போதும். இறங்காவிட்டால் குளிரவும் இல்லை. எங்கள் கிணற்றில் இந்த வருடம் ஆடியிலேயே கயிறு இரண்டு முழம் கூடுதலாய்ப் போகிறது. பவுசரில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் வீடுகளும் பக்கத்தில் உண்டு. ஒரு நாளைக்கு 20 லீற்றர் என்பது அவர்களுக்கு ஒருவர் குளிக்கும் தண்ணீர். அப்படியான வீட்டுக்காரர் வாங்குவதற்கு முன் இதை நன்றாய் யோசிக்க வேண்டும்.

அடுத்தது உவரும் சுண்ணாம்பும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படியுமே, அதே படிவு கூலர் அட்டையிலும் பிடிக்கும். தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சுண்ணாம்பு மட்டும் மிஞ்சுகிறது. வாங்கி மூன்றாம் மாதம் அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். தேன்கூட்டுக் கண்கள் பாதிக்குமேல் அடைபட்டு, விரல் நகத்தால் சுரண்டினால் முட்டைக்கோதுபோல் உதிர்ந்தது. காற்றுக் குறைந்துபோனதை நான் மோட்டரின் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பேசினில் தண்ணீர் விட்டு, ஒரு போத்தல் வினாகிரி ஊற்றி, அட்டைகளை இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பழைய பல்துலக்கியால் மெல்லத் தட்டிக் கழுவினேன். தேசிக்காய்ப் புளியும் சரிவரும், ஆனால் வெயில் காலத்துத் தேசிக்காய் விலைக்கு அதைக் குடிக்கத்தான் மனம் வரும். அட்டையை அழுத்தித் தேய்க்கக் கூடாது, அது கடதாசி மாதிரியான சாமான், கிழியும். இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டியில் மிஞ்சிய தண்ணீரை முழுதாய் வெளியே விடுகிறேன், சுண்ணாம்பு தடிப்பது பாதியாய்க் குறைந்திருக்கிறது. வெளியே விடும் தண்ணீர் வாழையடிக்குப் போகிறது. இந்த வருடம் சித்திரைக்கு முன்னர் பின்பக்க அட்டையை மட்டும் புதிதாய் மாற்றினேன், 3,600 ரூபா.

தண்ணீரை வெளியே விடுவதற்கு இன்னொரு காரணம் நுளம்பு. டெங்கு நுளம்புக்கு இப்படித் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், ஒரு கிழமை போதும் அதற்கு. தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்துகூடக் கிடக்கும், திரும்பத் தண்ணீர் பட்டதும் குடம்பி வரும். ஆகவே தும்புத்தடியால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மாரி தொடங்கிக் கூலரை மூலையில் வைக்கும்போது, கழுவி வெயிலில் முழுதாய்க் காயவைத்து, பழைய சேலையால் கட்டி வையுங்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கும் நாளுக்காக மட்டுமில்லை, அதே அறையில்தானே நாங்கள் படுக்கிறோம்.

தையல் வேலைக்கு அது எப்படி என்று என்னைப்போல் தைக்கும் பெண்கள் இரண்டு பேர் கேட்டார்கள். காற்று நேரே மேசையில் பட்டால் வெட்டிய கடதாசி அளவுகள் எல்லாம் பறக்கும். நான் பாரத்துக்குப் பழைய ஸ்திரிப்பெட்டி ஒன்றை அவற்றின் மேலே வைத்திருக்கிறேன். மெசினுக்கு மிகக் கிட்ட வைத்தால் ஊசியில் துரு ஏறும், மூன்று முழமாவது தள்ளி வையுங்கள். சத்தம் உண்டு, மூன்றாவது வேகத்தில் ரீவி கேட்காது. இரவில் முதலாவது வேகம் போதும். இரவில் தண்ணீர் ஓட்டம் தேவைப்பட்டது இந்த வருடம்தான், அதுவும் பத்துப் பன்னிரண்டு நாள்.

பழுதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாதம், நல்ல வெக்கைக்குள், தண்ணீர் ஏற்றும் பம்ப் நின்றுவிட்டது. ஒரு வருட உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் கூலரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பம்ப் கொழும்பிலிருந்து வர வேண்டும், மூன்று கிழமையாகும், கூலரை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். ஆவணி வெயிலில் மூன்று கிழமை! அம்மாவைச் சொல்லிப் பார்த்தேன், பயன் இல்லை. வாங்கும்போது கதிரை போட்டு இருத்தி சோடா தந்த அதே கடை. எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது. திரும்பக் கொண்டுவந்து, தர்மபுரத்தில் ரேடியோ, ஃபான் திருத்தும் ஒரு தம்பியிடம் காட்டினேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, மீன் தொட்டிகளுக்குள் போடும் சின்னப் பம்ப் மாதிரித்தான் என்று ஒன்றைப் பொருத்தித் தந்தார். 1,800 ரூபா, ஒரு மணித்தியாலம். இன்றுவரை ஓடுகிறது. பம்ப் வாயில் சின்னச் சல்லடைத்துணி ஒன்றும் கட்டிவிட்டார், சுண்ணாம்புத் துகள் போய் அடைக்காமல் இருக்க. வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதோடு நிற்காமல், பம்பும் அட்டையும் இங்கேயே கிடைக்குமா என்று கேளுங்கள்.

இனிச் சொல்லப் போவதை வாங்குவதற்கு முன்பே எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். கூலருக்கு முன் கூரையைப் பாருங்கள். போன வருடம் வைகாசியில் 150 கிடுகு வாங்கி, அம்மாவின் அறைக்கும் தையல் அறைக்கும் மேலே சீற்றின் மீது பரப்பி, சோழகம் கிளப்பாமல் நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினோம். ஒன்று 60 ரூபாப்படி 9,000 ரூபா. குசினிப் பக்கம் போடவில்லை, நெருப்புப் பயம். கிடுகு போடுவதற்கு முதல் நாளும் மறுநாளும் மகன் ஒரே நேரத்தில் சீற்றுக்கு ஒரு சாண் கீழே வெப்பமானியைக் கட்டிப் பார்த்தான். முதல் நாள் 43, மறுநாள் 37. ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல், ஒரு யூனிற் கரண்டும் இல்லாமல். அம்மம்மா காலத்து மண்சுவர், ஓலைக்கூரை வீட்டில் ஃபான் இல்லாமலே மத்தியானம் நித்திரை கொண்டோம் என்று அம்மா சொல்வதை நான் முன்பெல்லாம் பழங்கதை என்று விட்டிருக்கிறேன். கிடுகு இரண்டு வருடத்தில் உக்கும், மாற்ற வேண்டும். அது இயலாதவர்கள் சீற்றுக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். ஏறும்போது கவனம், பழைய சீற் கால் வைத்தால் உடையும்.

கூலர் இருக்கிறது என்று தண்ணீர் குடிப்பதை விட்டுவிடவும் கூடாது. குளிர்ந்த அறையில் அம்மாவுக்குத் தாகம் இன்னும் குறைவாய்த் தெரிந்தது. இப்போது மணிக்கூட்டைப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். காலையில் பழஞ்சோற்றுத் தண்ணியில் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, பதினொன்றுக்கு மோர், மத்தியானத்துக்குப் பிறகு மண்முட்டித் தண்ணீர், நாலு மணிக்குத் தேசிக்காய்த் தண்ணி உப்பும் போட்டு. கரண்ட் நிற்கும் நாளில் ஈரத் துவாயால் கழுத்தையும் கக்கத்தையும் துடைத்துவிடுகிறேன். உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுத் தடுமாறி, கேட்பதற்கு மாறிப் பதில் சொன்னால் மட்டும் கூலரையும் மோரையும் நம்பி நிற்காதீர்கள். உடனே 1990, அது வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

கேட்டு வந்த நான்கு பேருக்கும் நான் ஒரே பதில் சொல்லவில்லை. ஒருவருக்கு நல்ல கிணறும் தெற்கு யன்னலும் இருக்கின்றன, தாய் தகப்பன் இருவரும் வீட்டில், வாங்குங்கள் என்றேன், வாங்கிவிட்டார். மற்றவர் வீட்டு அறைக்கு ஒரே யன்னல், அதுவும் பக்கத்து மதிலை முட்டி நிற்கிறது. அவரிடம் முதலில் காற்றுப் போக எதிர்ச்சுவரில் ஒரு துவாரம் உடையுங்கள் என்றேன். மூன்றாமவருக்கு ஓட்டு வீடு, முற்றத்தில் மாமரம், எங்களைவிட அங்கே நாலு பாகை குறைவு. அவருக்கு நிற்கும் ஃபான் ஒன்றே போதும்.

நான்காமவர் ஒரு தங்கச்சி. கைக்குழந்தை ஆறு மாதம், கணவர் கூலி வேலை. கிழமைக்குக் கிழமை கட்டும் கிழமைக் கடன் எடுத்து வாங்கப் போகிறேன் என்று வந்தா. எங்கள் பக்கத்தில் கிழமைக் கடன் எத்தனை பெண்களைத் தின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அவவுக்குக் கதவடியில் இருந்தே வேண்டாம் என்றேன். பிறகு வீட்டிலிருந்த இரண்டு சணல் சாக்கைப் பிரித்து, ஓரம் மடித்துத் தைத்து, மேலே கம்பி கோக்க ஒரு பட்டியும் விட்டுக் கொடுத்தேன். சோழகம் அவவின் வீட்டு மேற்கு யன்னலில் நேரே அடிக்கிறது. அதில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டால் கூலர் செய்வதைத்தான் காற்றும் சாக்கும் சேர்ந்து செய்யும், ஃபானும் வேண்டாம் பம்பும் வேண்டாம். மணித்தியாலத்துக்கு ஒருமுறை நனைக்க வேண்டும், அதுதான் வேலை.

நேற்றுப் பின்னேரம் முடித்த சட்டை ஒன்றைக் கொடுக்கப் போன வழியில் எட்டிப் பார்த்தேன். குழந்தை ஏணைக்குள் நித்திரை. தங்கச்சியும் நிலத்தில் சீலையை விரித்து அயர்ந்துபோய்க் கிடந்தா. சாக்கு இரண்டும் காயத் தொடங்கியிருந்தன. அவவை எழுப்பாமல் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வந்து, வெளியே நின்றபடியே நனைத்துவிட்டு வந்தேன்.